குவியலின் அடியில் இருப்பது என்ன?



ஒரு பிஸ்கட் பக்கற்றைத் திருப்பிப் பார்க்காமல் பிள்ளையின் கையில் கொடுக்கும் தாய் இன்று நம்மில் மிகக் குறைவு. அதில் சேர்ந்திருக்கும் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது, கொழுப்பு எந்தப் பிராணியினுடையது என்றெல்லாம் தேடிப் பார்க்கிறீர்கள். மாஷா அல்லாஹ், இது ஈமானின் அடையாளம். ஆனால் அதே கை பெருநாளைக்குப் பிள்ளைக்கு ஓர் உடுப்பை எடுக்கும்போது எதைப் பார்க்கிறது? நிறத்தைப் பார்க்கிறது, தையலைப் பார்க்கிறது, விலையைப் பார்க்கிறது. இதைத் தைத்தவள் யார், அவளுக்கு உரிய கூலி கிடைத்ததா, அன்று மாலை அவள் உயிரோடு வீடு திரும்பினாளா என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

உயிரோடு திரும்பினாளா என்று நான் எழுதுவது மிகைப்படுத்தலன்று. நடந்த இரண்டு சம்பவங்களை முதலில் சொல்கிறேன்.

சாவாரும் கராச்சியும்

பங்களாதேஷின் தலைநகர் டாக்காவுக்கு அருகே சாவார் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ராணா பிளாஸா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கி வந்தன. கீழ்த் தளங்களில் கடைகளும் ஒரு வங்கியும் இருந்தன. 2013 ஏப்ரல் 23ஆம் திகதி அந்தக் கட்டடத்தில் பெரிய வெடிப்புகள் தென்பட்டன. வங்கி தன் ஊழியரை வெளியேற்றிவிட்டது. கடைகளும் மூடப்பட்டன. ஆனால் ஆடைத் தொழிலாளரை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரும்படி பணித்தார்கள். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்ற அச்சம் அவர்களுக்கு. குறித்த நாளில் ஓடரை அனுப்பாவிட்டால் வெளிநாட்டுக் கம்பனி கைவிட்டுவிடும் என்ற அச்சம் முதலாளிகளுக்கு.

24ஆம் திகதி காலையில் மின்சாரம் நின்றது. மேல் மாடிகளில் வைத்திருந்த பாரிய ஜெனரேட்டர்களை இயக்கினார்கள். ஒன்பது மணியாவதற்கு முன்பே முழுக் கட்டடமும் சரிந்து விழுந்தது. 1,134 பேர் மரணித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் காயங்களோடு மீட்கப்பட்டார்கள். அவர்களில் கை கால்களை இழந்தோர் பலர். பெரும்பாலானோர் இளம் பெண்கள். அப்போது அந்நாட்டில் ஓர் ஆடைத் தொழிலாளியின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 3,000 டாக்கா. அந்தப் பணத்துக்காகவே வெடித்த சுவரைக் கண்ணால் பார்த்த பின்பும் அவர்கள் படியேறினார்கள்.

அதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 2012 செப்டெம்பர் 11ஆம் திகதி, பாகிஸ்தானின் கராச்சி நகரில் பல்தியா என்ற பகுதியிலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்று தீப்பற்றி எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கப்பம் கேட்டுக் கொடுக்காததால் வைக்கப்பட்ட தீ அது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் குற்றவாளிகளுக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தீயை வைத்தவன் யாராயினும், உள்ளே இருந்தவர்கள் ஏன் வெளியே ஓடவில்லை? வெளியேறும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. ஜன்னல்களுக்குக் கம்பி அடிக்கப்பட்டிருந்தது. இதைவிட வேதனையான செய்தி ஒன்றுண்டு. தொழிலாளரின் பாதுகாப்பும் உரிமையும் இங்கே பேணப்படுகின்றன என்று சாட்சி கூறும் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ், தீப்பற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்திருந்தது.

இந்த இரண்டு இடங்களிலும் இறந்தோரில் பெரும்பாலோர் கலிமாச் சொன்னவர்கள். அவர்கள் வேறு மதத்தவராக இருந்திருந்தாலும் நமது கடமை குறைந்துவிடாது. அநியாயம் செய்யப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரை இல்லை என்று முஆத் (ரழி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையில் எந்த இனத்துக்கும் விதிவிலக்கு இல்லை.

ஈரம் எங்கே இருந்தது?

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதனுள்ளே தமது கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வியாபாரியிடம் வினவினார்கள். மழையில் நனைந்தது என்று அவர் சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள்.

மோசடியைக் கண்டித்துச் சொல்லப்பட்ட ஹதீஸ் இது. எனினும் நாம் அடிக்கடி கவனியாமல் விடும் ஒரு படிப்பினையும் இதில் இருக்கிறது. மேலே உலர்ந்திருந்த தானியத்தைப் பார்த்து நபியவர்கள் திருப்தியடைந்து போய்விடவில்லை. கையை உள்ளே விட்டார்கள். கேள்வி கேட்டார்கள்.

கராச்சித் தொழிற்சாலையின் சான்றிதழ் குவியலின் மேற்பரப்பு. ராணா பிளாஸாவிலிருந்த சில தொழிற்சாலைகளும் முன்னரே சோதிக்கப்பட்டவைதாம். ஆனால் அந்தச் சோதனைகள் கட்டடத்தின் உறுதியைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினார்கள், வரிசையாக இருந்த மெஷின்களைக் கண்டார்கள், போய்விட்டார்கள். ஈரம் அடியில் இருந்தது.

ராணா பிளாஸா இடிந்த பின்புதான் உலகம் விழித்தது. 2013 மே மாதத்தில் வெளிநாட்டுக் கொள்வனவுக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. காலப்போக்கில் 200க்கும் மேற்பட்ட கம்பனிகள் அதில் ஒப்பமிட்டன. இது முன்னர் வந்த வாக்குறுதிகளைப் போன்றதன்று. சட்டத்தால் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. முதலாளிக்கு வேண்டியவர்கள் அல்லாத பொறியியலாளர்கள் 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளுக்குள் சென்று தூண்களையும் மின்கம்பிகளையும் தீக்கதவுகளையும் பரிசோதித்தார்கள். கண்ட குறைகளை எல்லோரும் அறிய வெளியிட்டார்கள். ஆபத்தான கட்டடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னர் இவ்வேற்பாடு பாகிஸ்தானுக்கும் விரிவடைந்தது. குவியலுக்குள் கையை விடுவதென்றால் இதுதான்.

மலிவு விலையின் மறுபக்கம்

சகோதரிகளே, ஒரு சட்டை நம் கைக்கு வருமுன் எத்தனை கைகளைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பருத்தி பறிப்பவர், பஞ்சைப் பிரிப்பவர், நூல் நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், வெட்டுபவர், தைப்பவர், பொத்தான் வைப்பவர். பெரிய தொழிற்சாலை தனக்குக் கிடைத்த ஓடரில் ஒரு பகுதியைச் சிறிய தொழிற்சாலைக்குக் கொடுக்கும். சிறியது இன்னும் சிறியதற்குக் கொடுக்கும். மேலே இருக்கும் கம்பனியிடம் கேட்டால், கடைசியில் தைத்தவள் யாரென்று எமக்குத் தெரியாது என்பார்கள். தெரியாமல் இருப்பது அவர்களுக்கு வசதியாகவும் இருக்கிறது.

தொழிற்சாலை முதலாளி மட்டுமே குற்றவாளி என்று நினைத்துவிடவும் கூடாது. ஒரு சட்டைக்கு இவ்வளவுதான் தருவேன், இத்தனை நாளில் வேண்டும் என்று மேலே ஒருவர் நெருக்கும்போது, அந்த நெருக்குதல் படிப்படியாக இறங்கித் தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்ணின் முதுகில்தான் வந்து நிற்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா பரவியபோது, வெளிநாட்டுக் கம்பனிகள் பல தமது ஓடர்களை இரத்துச் செய்தன, அல்லது பின்போட்டன. வெட்டித் தைத்து முடித்த உடுப்புகளுக்குக்கூடப் பணம் தர மறுத்தவர்கள் இருந்தார்கள். பங்களாதேஷில் மட்டும் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் பெறுமதியான ஓடர்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சங்கம் அறிவித்தது. வேலையாளிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வழக்காளியாக நிற்பான் என்ற ஹதீஸ் புகாரியில் வருகிறது. இங்கே கூலியை நிறுத்தியது ஒரு கையன்று, ஒரு சங்கிலி. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தன் பங்குக்கு அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

புகாராவின் பருத்தி வயல்கள்

கேட்பதால் என்ன பயன், நாம் கேட்டால் உலகம் மாறிவிடுமா என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு ஒரு பதில் உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்த புகாராவும், அவர்கள் அடங்கியிருக்கும் ஸமர்கந்துப் பகுதியும் உள்ள நாடு அது.

பருத்தி அந்நாட்டின் முக்கிய விளைபொருள். ஒவ்வொரு ஆண்டும் அறுவடைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள், மாணவர்கள், ஆசிரியர்கள், தாதிமார் எனப் பலரையும் அரசாங்கமே வயலுக்கு அனுப்பிப் பருத்தி பறிக்க வைத்தது. மறுத்தால் வேலை போகும், அல்லது கல்வி தடைப்படும். அந்தப் பருத்திதான் நூலாகி, துணியாகி, உலகமெங்கும் சென்றது. உண்மை வெளிவந்தபோது மனித உரிமை அமைப்புகள் கம்பனிகளிடம் கேட்கத் தொடங்கின: உங்கள் துணியின் பருத்தி எங்கிருந்து வந்தது? தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாத நிலை வந்தது. 300க்கும் மேற்பட்ட கம்பனிகள் உஸ்பெகிஸ்தான் பருத்தியை வாங்கமாட்டோம் என்று உறுதியளித்தன. அந்நாட்டிலேயே அச்சுறுத்தல்களுக்கு மத்தியில் வயல்களுக்குப் போய் உண்மையைப் பதிவு செய்தவர்களும் இருந்தார்கள். முதலில் பிள்ளைகள் வயலிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். பின்னர் ஆட்சி மாறிச் சீர்திருத்தங்கள் வந்தன. 2021ஆம் ஆண்டு அறுவடையில் திட்டமிட்ட கட்டாய உழைப்பு இருக்கவில்லை என்று சர்வதேசத் தொழில் தாபனம் அறிவித்தது. 2022 மார்ச்சில் பகிஷ்கரிப்பும் நீக்கப்பட்டது.

ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பலன் அது. இப்போது அக்கேள்வி சட்டமாகவும் வந்துகொண்டிருக்கிறது. கம்பனிகள் மனித உரிமைகளை மதிக்க வேண்டும், தமது கொள்வனவுச் சங்கிலியில் எங்கே தீங்கு நடக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும், கண்டால் திருத்த வேண்டும், என்ன செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்டோருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்ற வழிகாட்டல்களை 2011இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை ஏற்றுக்கொண்டது. பிரான்ஸ் 2017இல் இதற்குச் சட்டம் இயற்றியது. ஜெர்மனியின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் ஒரு சட்டத்தை ஏற்றது. ஆனால் 2025இல் அது அமுலாகும் காலத்தைப் பின்போட்டார்கள், அதன் எல்லையைச் சுருக்கவும் முயன்றார்கள். மனிதர் இயற்றும் சட்டம் இப்படித்தான் முன்னும் பின்னும் போகும். முஃமினின் மனசாட்சி பின்போடப்படலாகாது.

அப்படியானால் உடுப்பு ஹறாமா?

இதைப் படித்துவிட்டு, பெட்டியிலுள்ள உடுப்பெல்லாம் ஹறாமாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். முறையாக விற்கப்பட்ட பொருளை முறையான பணம் கொடுத்து வாங்கியவர் மீது, தாம் அறியாத ஒருவரின் அநியாயத்துக்காகக் குற்றம் சுமத்தப்படுவதில்லை. ஆராயாமல் ஹறாம் என்று தீர்ப்புச் சொல்வதும் பாவமாகும்.

ஸூறதுல் ஹுஜுராத்தை எடுத்துப் பாருங்கள். அதன் ஆறாம் வசனத்தில், நம்பத்தகாத ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தெளிவாக விசாரித்தறியும்படியும், அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருக்கும்படியும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பன்னிரண்டாம் வசனத்தில் அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்கும்படியும், துருவித் துருவி ஆராயாதிருக்கும்படியும் கூறுகிறான். ஒரே ஸூறாவில் இரண்டு கட்டளைகள். தீங்கு நேரக்கூடிய இடத்தில் விசாரி. ஆதாரமின்றி எவரையும் சந்தேகிக்காதே. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நமது பாதை இருக்கிறது.

அபூபக்கர் (ரழி) அவர்களின் பணியாளர் ஒருநாள் உணவொன்றைக் கொண்டுவந்தார். அவர்கள் உண்டார்கள். பின்னர்தான், ஜாஹிலிய்யாக் காலத்தில் தாம் பொய்யாகக் குறி சொன்னதற்குக் கிடைத்த கூலி அது என்று அவர் தெரிவித்தார். உடனே அபூபக்கர் (ரழி) அவர்கள் தொண்டைக்குள் கையை விட்டு வயிற்றிலிருந்ததை வெளியேற்றினார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்து புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம் இது. அறியாமல் உண்டதில் குற்றமில்லை. ஆனால் அறிந்த பின்பு, அது போகட்டும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. நமக்கு அந்தப் பேணுதலின் உச்சம் எட்டாததாக இருக்கலாம். அதன் திசையாவது தெரிந்திருக்க வேண்டும்.

பங்களாதேஷ் உடுப்பை இனி வாங்கவே மாட்டோம் என்று முடிவெடுப்பதும் சரியன்று. அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இத்தொழிலை நம்பி வாழ்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். நாம் ஒரேயடியாக ஒதுங்கினால் அவர்களின் அடுப்புத்தான் அணையும். உஸ்பெகிஸ்தானில் கட்டாயப்படுத்தியது அரசாங்கமே என்பதால் வாங்காதிருப்பது அங்கே ஆயுதமாயிற்று. இங்கே அந்தப் பெண்கள் கேட்பது உரிய கூலியையும் திறந்த கதவையுமே. அதற்காக அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும். 3,000 டாக்காவாக இருந்த ஆகக்குறைந்த சம்பளம் 2013 டிசம்பரில் 5,300 ஆகவும், 2018இல் 8,000 ஆகவும், 2023இல் 12,500 ஆகவும் உயர்ந்தது அத்தொழிலாளர் வீதியில் இறங்கிப் போராடியதன் பின்புதான். அதுவும் போதாது என்பதே அவர்களின் முறைப்பாடு.

நம் வீட்டுச் சங்கிலி

தூர நாட்டுக் கம்பனியின் தவறைப் பேசுவது இலகு. நம் தெருவில், நான்கு வீடு தள்ளி, தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு சகோதரி இருப்பாள். விதவையாக இருக்கலாம், கணவன் நோயாளியாக இருக்கலாம். றமழான் இருபது வரை துணியை வீட்டில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இருபத்தைந்தாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்து, பெருநாளைக்கு முன் வேண்டும் என்று நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? நீங்கள் இருபத்தேழாம் இரவில் தஹஜ்ஜுத்தில் அழுதுகொண்டிருக்கும்போது அவள் உங்கள் உடுப்புக்கு லேஸ் வைத்துக்கொண்டிருக்கிறாள். பெருநாள் காலையில் உடுப்பை வாங்கும்போது, காசைப் பிறகு தருகிறேன் என்கிறீர்கள். சாவாரில் குறித்த நாளுக்குள் சரக்குக் கேட்ட கம்பனிக்கும் நமக்கும் அளவில்தான் வித்தியாசம், செயலில் இல்லை.

ஃபிக்ஹுக் கிதாபுகளில் இஜாரா என்றொரு பாடம் உண்டு. கூலி இவ்வளவு என்று வேலை தொடங்குமுன்பே தெளிவாக இருக்க வேண்டும் என்பது அதன் முதல் நிபந்தனைகளில் ஒன்று. நீயே பார்த்துப் போட்டுக்கொள் என்பதும், அவள் சொன்ன பின் பாதியாகக் குறைப்பதும் அதற்கு முரணாகும். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழி இப்னு மாஜாவில் வருகிறது. துணியை ஷஃபானிலேயே கொடுங்கள். கூலியை முதலில் பேசுங்கள். உடுப்பு கைக்கு வரும்போது காசு அவள் கைக்குப் போகட்டும்.

உங்கள் கணவரோ மகனோ கடை, தொழிற்சாலை, தையல் நிலையம் நடத்துபவராக இருந்தால் உங்கள் கேள்விக்கு இன்னும் வலிமை உண்டு. பின்கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது? இரவு வேலை முடிந்து பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள்? சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்காகப் பிடிக்கும் 8 சதவீதமும், முதலாளி சேர்க்க வேண்டிய 12 சதவீதமும் மாதா மாதம் போய்ச் சேருகின்றனவா? பிடித்ததைக் கட்டாமல் வியாபாரத்தில் சுழற்றுவது அமானிதத்தில் கை வைப்பதாகும். அநியாயம் செய்பவனுக்கும் உதவி செய்யுங்கள். அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்று நபியவர்கள் விளக்கினார்கள் அல்லவா? அந்த உதவியை ஒரு மனைவியால், ஒரு தாயால் செய்ய முடியும். நோயாளியாகிவிட்ட தொழிலாளியின் சாபம் அந்த வீட்டின் சோற்றில் கலக்காமல் காப்பது அதுதான்.

புடவைக் கடைக்குப் போனால் லேபலைப் பாருங்கள். எங்கே தைத்தது, எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் பண்பாகக் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பத்துப் பெண்கள் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். மொத்த வியாபாரி மேலே கேட்பார். நெருக்குதல் மேலிருந்து கீழே இறங்குவதைப் போல, கேள்வி கீழிருந்து மேலே ஏறும். அத்தோடு நான்கு மலிவு உடுப்பு எடுக்கும் இடத்தில் நல்லதாக இரண்டை எடுங்கள். வீண்விரயம் குறையும், மலிவுக்காகப் பிறரை நெருக்கும் போட்டியிலும் நமது பங்கு குறையும்.

மறுமையில் ஆடையைப் பற்றியும் நாம் விசாரிக்கப்படலாம். இதை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவிட்டாய் என்ற கேள்விகளுக்கு நாம் ஓரளவு ஆயத்தமாகிறோம். இதைத் தைத்தவளின் உரிமை என்ன ஆனது என்று அவளே எழுந்து கேட்டால், நான் கேட்டேன், என்னால் இயன்றதைச் செய்தேன் என்றாவது சொல்லக்கூடியவர்களாக இருப்போம்.

வல்ல அல்லாஹ், நமது உணவையும் உடையையும் பிறர் கண்ணீர் கலவாதவையாக ஆக்குவானாக. உழைப்போர் அனைவருக்கும் உரியதை உரிய நேரத்தில் கொடுக்கும் தௌபீக்கை நமக்குத் தருவானாக. சாவாரிலும் கராச்சியிலும் மாண்ட நம் சகோதர சகோதரிகளுக்கு மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.